ஏசியை ஏத்தாதீங்க சாமி!

டிஸ்கி: இது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பத்தின புலம்பல். ஆடாதவங்களும் படிக்கலாம், பத்தாங்கிளாஸ் கணக்கு போதும் :)

போன சனிக்கிழமை எங்க மேஜையில ஒரு சண்டை. முதல் லெவல் ஆளுங்க அஞ்சு பேர், எதிர்ல கோப்ளின் கூட்டம். புதுசா ஆட வந்த தோழிக்கு ஃபைட்டர் வேஷம். உருட்டினாங்க, மிஸ். இருபது நிமிஷம் காத்திருந்து மறுபடி உருட்டினாங்க, மிஸ். மூணாவது, நாலாவதும் அதே கதை. அஞ்சாவது டர்ன் வந்தப்ப அவங்க மொபைலை நோண்டிட்டிருந்தாங்க. குத்தம் சொல்ல முடியுமா?

ஆட்டம் முடிஞ்சதும் எங்க டன்ஜன் மாஸ்டர் பெருமையா சொல்றார்: "சண்டை சப்புன்னு போயிடக்கூடாதுன்னு கோப்ளினுக்கு ஏசி 19 வச்சேன்."

ஏசின்னா குளிர்சாதனம் இல்லைங்க, ஆர்மர் கிளாஸ். 20 முகப் பகடையை உருட்டி, நம்ம போனஸைக் கூட்டி, அந்த எண்ணைத் தொட்டாத்தான் அடி விழும். 2014-ல வந்த ஐந்தாம் பதிப்பு மான்ஸ்டர் மேனுவல்ல கோப்ளினோட ஏசி 15. முதல் லெவல் ஃபைட்டருக்கு வழக்கமா போனஸ் 5. பகடையில 10 விழுந்தா போதும், அதாவது 55 சதவீதம். ஏசி 19 ஆனா 14 விழணும், 35 சதவீதம். நாலு பாயின்ட் தானேன்னு தோணும். ஆனா தொடர்ந்து நாலு தடவை மிஸ் ஆகிற வாய்ப்பு 4 சதவீதத்துல இருந்து 18-க்குத் தாவுது. அஞ்சு பேரும் இதே போனஸோட வாள் வீசினா, யாராவது ஒருத்தர் இப்படி மாட்டுற வாய்ப்பு 60 சதவீதத்துக்கு மேல. அந்தத் தோழிக்கு ராசி இல்லைன்னு சொல்லாதீங்க, மேஜையில ஒருத்தருக்கு அது நடக்கிற மாதிரிதான் கணக்கே போட்டிருக்கு.

இன்னொரு கொடுமையும் இருக்கு. அந்தப் பதிப்புல 1-ம் லெவல்ல இருந்து 20-ம் லெவல் போறதுக்குள்ள ப்ரொஃபிஷியன்சி போனஸ் 2-ல இருந்து 6 வரைக்கும்தான் ஏறும். வெறும் நாலு! எவ்வளவு பெரிய ஆளானாலும் கோப்ளின் கூட்டம் கொஞ்சமாவது தொல்லை தரணும்னு வேணும்னே அடக்கி வச்சது. வருஷக்கணக்கா ஆடிச் சேர்க்க வேண்டியதை நம்மாளு ஒரே சாயங்காலத்துல பிடுங்கிட்டார்.

"அப்ப சண்டை கஷ்டமா இருக்க வேணாமா?" இருக்கட்டுமே. எதிரி பலமா அடிக்கட்டும். கோப்ளின் அடி சராசரியா 5, முதல் லெவல் விஸார்டோட உயிர் ஏழோ எட்டோ. ரெண்டு அடியில ஆள் காலி. அடிச்சிட்டு ஓடி ஒளியிறதுக்குன்னே கோப்ளினுக்கு ஒரு திறமை வேற குடுத்திருக்காங்க. பாலத்து மேல ரெண்டு, பாறைக்குப் பின்னாடி மூணுன்னு வில்லோட நிறுத்துங்க, விஸார்டை யார் காப்பாத்துறதுன்னு பசங்க தலையைப் பிச்சுக்குவாங்க. அது கஷ்டம். மிஸ், மிஸ், மிஸ்னு கேட்டுட்டு உக்காந்திருக்கிறது வெறும் அலுப்பு.

ஹாப்கோப்ளினுக்கு ஏசி 18 இருக்கேன்னு கேப்பீங்க. அது சங்கிலிக் கவசமும் கேடயமுமா நிக்குது, கண்ணுக்குத் தெரியுது. ஏசியையே கண்டுக்காத மந்திரத்தை எடுக்கலாம்னு ஆடுறவங்களுக்குத் தோணும். கிழிஞ்ச தோல் உடுப்புல ஒளிஞ்சிருக்கிற 19-ஐப் பார்த்து யார் என்ன திட்டம் போட முடியும்?

2008-ல வந்த நாலாம் பதிப்புல சண்டை ஜவ்வா இழுக்குதுன்னு எல்லாரும் திட்டினப்ப, 2010-ல வந்த மான்ஸ்டர் மேனுவல் 3-ல மான்ஸ்டருங்க அடிக்கிற அடியைத்தான் கூட்டினாங்க. போட்டவங்களே அந்த வழிக்கு வந்துட்டாங்க, நாம இன்னும் ஏசியை ஏத்திட்டிருக்கோம்.

சரி, அஞ்சாவது டர்ன்ல என்ன ஆச்சுன்னு சொல்லலையே. எல்லார் மூஞ்சியையும் பார்த்து பயந்துட்டு, திரைக்குப் பின்னாடி ரகசியமா ஏசியை 15 ஆக்கிட்டாராம். தோழிக்கு மொத்தம் 16 விழுந்தது. "ஹிட்!"னு கத்தினார். அவங்க மெதுவா கேட்டாங்க: "போன தடவை 18-க்கே மிஸ்னு சொன்னீங்களே?"

அவர்கிட்ட பதில் இல்லை. அடுத்த சனிக்கிழமை வருவீங்களான்னு நான் கேட்டதுக்கு, "பார்க்கலாம்"னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.