கோடுகளுக்கு அஞ்சிய கொடுங்கோல்

கேலிச்சித்திரத்தை நாளிதழின் மூலையில் கிடக்கும் வேடிக்கை என்று ஒதுக்குவோர் நம்மிடையே பலர் உளர். “உள்நாட்டுப் போரில் மக்கள் மடிகையில் சிரிப்பு எதற்கு?” என்று சினப்போரும் உளர். இவ்விரு சாராரும் சிரியா நாட்டின் அண்மைக்கால வரலாற்றைச் சற்றே நோக்குதல் வேண்டும்.

அலி ஃபர்சாத் அந்நாட்டின் புகழ்பெற்ற கேலிச்சித்திரக்காரர். பசித்து நிற்பவனுக்கு உணவுக்கு மாறாகப் பதக்கங்களை வழங்கும் படைத்தலைவனை வரைந்தவர். 2001இல் அங்கத இதழொன்றைத் தொடங்கினார். ‘விளக்கேற்றுவோன்’ என்னும் பொருள்பட அதற்கு ‘அத்-தொமரி’ எனப் பெயரிட்டார். 2003இல் அவ்விதழ் மூடப்பட்டது.

நெடுங்காலம் அவர் ஆள்வோரின் முகத்தை அடையாளம் தெரியுமாறு வரைந்ததில்லை. 2011 மார்ச்சில் மக்கள் கிளர்ந்தெழ, அரசு துப்பாக்கியால் விடையிறுத்தது. அதன்பின் அதிபர் பஷார் அல் அசாத்தையே வரையத் துணிந்தார். ஒரு படத்தில் லிபியாவின் கடாஃபி காரில் தப்பியோடுகிறார். சாலையோரத்தில் பெட்டியுடன் நின்று அந்த வண்டியில் இடம் கேட்கிறார் அசாத்! அவ்வாண்டு ஆகஸ்டு 25ஆம் நாள் விடியலில், முகமூடியணிந்தோர் டமாஸ்கசில் ஃபர்சாத்தைப் பிடித்து அடித்து, வரையும் கைகளை முறித்தனர்.

வெறும் வேடிக்கையாயின் அக்கைகளை முறிப்பானேன்? 2012 அக்டோபரில் அக்ரம் ரஸ்லான் என்னும் மற்றொரு கேலிச்சித்திரக்காரரைக் கைது செய்வானேன்? அவர் காவலிலேயே மாண்டார். படைக்கலம் ஏந்திய அரசு தூரிகைக்கு இத்துணை அஞ்சிற்று!

போருக்கு நடுவே அங்கதம் தகாது என்பார் ஔவையாரை மறந்தனர் போலும். தொண்டைமானின் படைக்கலங்கள் நெய் பூசிப் பொலிவதைப் புகழ்வதுபோல் பழித்தவர் அவரன்றோ? வஞ்சப்புகழ்ச்சியை வகுப்பில் வியந்து கற்பிக்கும் நாம், அதே பணியைக் கோடுகள் செய்யும்போது முகஞ்சுளிப்பது முறையோ?

“படங்கள் போரை நிறுத்தினவா?” என்று கேட்கலாம். நிறுத்தவில்லை. ஐக்கிய நாட்டு மன்றத்தின் மதிப்பீட்டின்படி, முதற் பத்தாண்டில் மட்டும் 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட பொதுமக்கள் மாண்டனர். 2024 டிசம்பரில் அசாத்தை வீழ்த்தியதும் கிளர்ச்சிப் படைகளே. எனினும், பெயர் சொல்லவும் மக்கள் நடுங்கிய ஒருவரைப் பெட்டி தூக்கிய வழிப்போக்கராக அவர்கள் கண்முன் நிறுத்தியது ஃபர்சாத்தின் கோடு. அச்சத்தால் ஆள்வோருக்கு அதனினும் பேரிழப்பு எது? இறுதியில் அசாத் ரஷ்யாவுக்கு ஓடினார். பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் வரைந்த படம் மெய்யாயிற்று. முறிந்த கைகளோ குணமாகி மீண்டும் வரைந்தன.

எல்லாக் கேலியும் நன்று என்பதன்று நம் வாதம். வீடிழந்தோனையும் அகதியையும் எள்ளி நகைக்கும் படம் இழிவினும் இழிவு. அத்தகையது எந்நாட்டில் வரினும் கண்டிக்கத்தக்கதே. ஆதலின் ஆசிரியப் பெருமக்களே, கேலிச்சித்திரத்தை வகுப்பறைக்குக் கொணருங்கள். “இங்கே நகைக்கப்படுபவன் யார்? அடிப்பவனா, அடிபடுபவனா?” என்று மாணவரைக் கேளுங்கள். அவ்வினாவுக்கு விடை காணக் கற்றவனை எந்தக் கொடுங்கோலும் எளிதில் ஏமாற்றாது.