மாமல்லபுரத்தில் புளியோதரை சாப்பிட எங்கே உட்காருவது?

மாமல்லபுரத்துக்குக் குடும்பத்தோடு ஒரு நாள் போய் வருகிறவர்களைப் பற்றிப் படித்தவர்கள் மத்தியில் ஒரு அபிப்பிராயம் உண்டு. "இவங்க சிற்பம் பார்க்கவா வர்றாங்க? சாப்பிடத்தானே வர்றாங்க! ஒரு மூட்டை புளியோதரை, ஒரு தூக்குவாளி தயிர்சாதம், வெண்ணெய் உருண்டைப் பாறையைத் தாங்கிப் பிடிக்கிற மாதிரி ஒரு போட்டோ, அவ்வளவுதான்" என்பார்கள். சொல்லும்போதே ஒரு இளக்காரச் சிரிப்பும் கூட வரும். வெளிநாட்டுக்காரர் ரிசார்ட்டில் தங்கி மூன்று வேளையும் சாப்பிட்டால் அதற்குப் பெயர் சுற்றுலா வளர்ச்சி. செங்கல்பட்டில் பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியாக வந்து இறங்கிய குடும்பம் மரத்தடியில் பொட்டலத்தைப் பிரித்தால் அதற்குப் பெயர் அநாகரிகம். இது என்ன லாஜிக்?

கட்டுச்சோறு கொண்டு வருகிற குடும்பத்திடம் ஒரு தப்பும் இல்லை. அவர்கள் நிழலில் உட்கார்ந்து, கை கழுவி, கொண்டு வந்ததைச் சாப்பிட்டு எழுந்து போக ஒழுங்கான இடத்தை ஒதுக்காமல், வருகிறவர்களையே குறை சொல்வதுதான் தப்பு. எந்த ஞாயிற்றுக்கிழமை வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். வேன் நிழலில், ரோட்டோரத்தில், சுடுகிற மணலில் பெட்ஷீட் விரித்து உட்கார்ந்திருப்பார்கள். ஒரு கையில் தட்டு, இன்னொரு கையில் காக்கையை விரட்ட ஒரு துண்டு. அவர்களுக்கு மட்டும் அப்படிச் சாப்பிட ஆசையா என்ன?

முதலில் கணக்கைப் பார்ப்போம். பாட்டி, அப்பா, அம்மா, கல்லூரியில் படிக்கும் பெண், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பையன்கள் என்று ஆறு பேர் கொண்ட குடும்பம். கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் சேர்த்து இந்தியருக்கு டிக்கெட் 40 ரூபாய். 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இலவசம். ஆக நாலு டிக்கெட், 160 ரூபாய். 10 ரூபாயாக இருந்த டிக்கெட் 2016-ல் 30 ஆகி, 2018-ல் 40 ஆனது. ஏறியது அதிகம்தான், ஆனாலும் சமாளித்துவிடலாம்.

இப்போது சாப்பாட்டுக்கு வாருங்கள். மதியச் சாப்பாடு தலைக்கு 150 ரூபாய் என்று குறைவாகவே வைத்தாலும் ஆறு பேருக்கு 900. காலை டிபன், மாலை காபி பலகாரம் எல்லாம் சேர்த்துத் தலைக்கு இன்னொரு 100 என்றால் 600. மொத்தம் 1,500 ரூபாய். டிக்கெட் செலவைப் போல ஒன்பது மடங்குக்கும் மேல்! அதாவது, அந்தக் குடும்பம் மாமல்லபுரம் போவதா வேண்டாமா என்பதை முடிவு செய்வது டிக்கெட் விலை கிடையாது, சாப்பாட்டுச் செலவுதான். முந்தின நாள் ராத்திரியே புளிக்காய்ச்சலைக் கிண்டி வைத்து, விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து சோறு வடித்துக் கிளறும் அம்மாவின் உழைப்பால்தான் அந்தப் பயணமே நடக்கிறது. தூக்குவாளியைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள், அது இல்லாவிட்டால் அந்தப் பையன்கள் பல்லவர் சிற்பத்தைப் பாடப்புத்தகத்தில் மட்டும்தான் பார்த்திருப்பார்கள் என்பதை யோசிப்பதில்லை.

"அவங்க வந்தா ஊருக்கு என்ன வருமானம்?" என்று அடுத்த கேள்வி வரும். சாப்பாட்டில் மிச்சமான பணம் திரும்ப வீட்டுக்கா போகிறது? இளநீர், சுண்டல், மாங்காய் பத்தை, மிளகாய் பஜ்ஜி, சங்கு, சோழி மாலை, பாட்டியின் பூஜை அறைக்கு ஒரு சின்னக் கல் பிள்ளையார் என்று அங்கேயே செலவாகிறது. ரிசார்ட்டில் தங்குகிறவரின் பணத்தில் பெரும்பகுதி ரிசார்ட்டுக்குள்ளேயே நின்றுவிடும். இவர்களுடைய பத்தும் இருபதும் நேராகத் தள்ளுவண்டிக்காரர் கைக்குப் போகும். 2020 மார்ச்சில் கொரோனாவால் சுற்றுலா விசாக்கள் நிறுத்தப்பட்டன. 2021 நவம்பரில்தான் வெளிநாட்டுப் பயணிகளுக்குக் கதவு முழுதாகத் திறந்தது. இடையில் ஊரடங்கு தளர்ந்தபோதெல்லாம் அந்தக் கடைகளுக்கு வாடிக்கையாளர் யார்? பக்கத்து ஊர்களிலிருந்து பஸ்ஸிலும் பைக்கிலும் வந்த இதே குடும்பங்கள்தானே!

அடுத்தது சட்டம். "நினைவுச்சின்னத்தில் சாப்பிடக் கூடாதுன்னு ரூல் இருக்கே" என்பார்கள். இருக்கிறது, யாரும் மறுக்கவில்லை. பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னங்களுக்கான 1959-ம் ஆண்டு விதிகளில், உள்ளே சமைப்பதும் சாப்பிடுவதும் தடை செய்யப்பட்டிருக்கிறது. 1,300 வருஷத்துக் கல்லின் மேல் சாம்பாரைக் கொட்டலாம் என்று யாரும் வாதாட முடியாது. ஆனால் அந்த விதியை முழுதாகப் படிக்க வேண்டும். அதற்கென்று அனுமதிக்கப்பட்ட இடங்கள் இருந்தால் அங்கே சாப்பிடலாம் என்று அதே வரியில் விதிவிலக்கும் இருக்கிறது. இடம் ஒதுக்கும் அதிகாரத்தைச் சட்டமே கொடுத்திருக்கும்போது, தடையை மட்டும் போர்டில் எழுதி வைத்தால் எப்படி?

மனது வைத்தால் முடியும் என்பதற்கு மாமல்லபுரமே சாட்சி. 2019 அக்டோபர் 11, 12 தேதிகளில் பிரதமர் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் அங்கே சந்தித்தார்கள். அதற்கு முந்தைய சில வாரங்களில் ஊரே தலைகீழாக மாறியது. ரோடு பளபளத்தது, சிற்பங்களுக்கு விளக்கு வந்தது, குப்பை காணாமல் போனது. இரண்டு தலைவர்களும் ஐந்து ரதம் பக்கத்தில் உட்கார்ந்து இளநீர் குடித்த படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. ராத்திரி விருந்து கடற்கரைக் கோயிலை ஒட்டியே நடந்தது. நல்ல விஷயம்தான், விருந்தோம்பல் நம் பண்பாடு. ஆனால் அந்தச் சந்திப்பு முடிந்த கையோடு உள்ளூர்க்காரருக்குக் கிடைத்தது என்ன தெரியுமா? அதுவரை சும்மா பார்த்துக்கொண்டிருந்த வெண்ணெய் உருண்டைப் பாறைக்கும் டிக்கெட்! சிற்பத்துக்குப் பக்கத்தில் இரண்டு பெரிய மனிதர்கள் சாப்பிட்டால் கௌரவம், டிக்கெட் வாங்கிய குடும்பம் ஊருக்குள் எங்காவது உட்கார்ந்து சாப்பிட்டாலும் அசிங்கமா?

குப்பைக்கு வருவோம். இது நியாயமான புகார்தான். சாப்பிட்ட இலையையும் கப்பையும் அப்படியே போட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு வக்காலத்து வாங்க வேண்டியதில்லை. ஆனால் குப்பையில் கிடப்பதைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். தண்ணீர் பாட்டில், சிப்ஸ் பாக்கெட், பார்சல் டப்பா. எல்லாம் கடையில் வாங்கியவை. வீட்டிலிருந்து எவர்சில்வர் தூக்கிலும் டிபன் கேரியரிலும் வந்த சாப்பாடு, பாத்திரத்தோடு வீட்டுக்கே திரும்பிவிடும். ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப் போடும் பிளாஸ்டிக்குக்குத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை விதித்திருக்கிறது. அந்தத் தடையை மனதார மதிக்கிற அரசு, கட்டுச்சோற்றுக்காரர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். சாப்பிட ஒரே இடம் இருந்தால் குப்பைத் தொட்டியையும் ஒரே இடத்தில் வைக்கலாம். ஊர் முழுக்கச் சிதறி உட்கார வைத்தால் குப்பையும் சிதறத்தான் செய்யும்.

சரி, ரசனை? "இவங்களுக்குச் சிற்பத்தைப் பத்தி என்ன தெரியும்?" என்று கேட்கிறவர்கள் அந்தச் சிற்பங்களை நன்றாகப் பார்த்திருக்கிறார்களா என்பது சந்தேகம். கிருஷ்ண மண்டபத்தில் ஒருவர் பால் கறக்கிறார், பசு திரும்பிக் கன்றை நக்குகிறது. பானைகளைத் தலையில் சுமந்து ஒரு பெண் நிற்கிறாள். பக்கத்தில் அர்ஜுனன் தபசில், சுமார் 30 மீட்டர் நீளப் பாறையில், பெரிய யானைகளின் காலடியில் குட்டிகள் ஒண்டி நிற்கின்றன. பூனை ஒன்று தவம் செய்கிறது, எலிகள் அதைச் சுற்றி நிற்கின்றன. தேவர்களும் முனிவர்களும் இருக்கும் அதே கல்லில் குடும்பம், குழந்தை, கேலி, சாப்பாடு எல்லாவற்றுக்கும் அந்தச் சிற்பிகள் இடம் கொடுத்திருக்கிறார்கள். தவம் செய்யும் பூனையைப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்கும் ஆறு வயசுப் பையன், அந்தச் சிற்பி சொன்ன ஜோக்கைச் சரியாகப் புரிந்துகொண்டவன். அவனுக்கு ரசனை இல்லை என்று சொல்ல யாருக்கு உரிமை?

கூடி உட்கார்ந்து சாப்பிடுவது இந்தக் கடற்கரைக்குப் புதிதும் கிடையாது. மாசி மகத்துக்கு இருளர் மக்கள் பல ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக மாமல்லபுரம் கடற்கரைக்கு வந்து, மணலில் குடில் போட்டுத் தங்கி, கன்னியம்மனைக் கும்பிடுகிறார்கள். விடியற்காலையில் கல்யாணங்கள்கூட நடக்கின்றன. சமையலும் சாப்பாடும் அங்கேயேதான். காணும் பொங்கல் கூட்டத்தைச் சொல்லவே வேண்டாம். வழிப்போக்கருக்குச் சத்திரமும், வெயிலுக்குத் தண்ணீர்ப்பந்தலும், தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கிக் கல்லும் வைத்த ஊர்கள் நம்முடையவை. அவற்றைத் தர்மம் என்று நினைத்துச் செய்தார்கள். இன்று டிக்கெட் போட்டும் வாகன நிறுத்தக் கட்டணம் வாங்கியும் ஒரு சுமைதாங்கிக்குக் கூடக் கணக்குப் பார்ப்பது என்ன நியாயம்?

இதில் அதிகம் கஷ்டப்படுவது பெண்கள். வெளியூர் போகிற நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வது ஏன் என்று உங்கள் வீட்டு அம்மாவையோ அக்காவையோ கேட்டுப் பாருங்கள். போகிற இடத்தில் கழிப்பறை எப்படி இருக்குமோ என்ற பயம்தான். சித்திரை வெயிலில், பாறைகளுக்கு நடுவே, தண்ணீர் குடிக்காமல் நாள் முழுக்க நடப்பதற்குப் பெயர் உல்லாசப் பயணமா? 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தியேட்டர்காரர்கள் வெளி உணவுக்குத் தடை போடலாம் என்று சொன்னபோதுகூட, நல்ல குடிநீரை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று சேர்த்தே சொன்னது. லாபத்துக்கு நடத்தும் தியேட்டருக்கே அந்தக் கடமை இருக்கிறது. 1984-லிருந்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் என்று பெருமையோடு சொல்லிக்கொள்ளும் ஊருக்கு எவ்வளவு கடமை இருக்க வேண்டும்?

"100 மீட்டருக்குள்ள எதுவும் கட்டக் கூடாதே" என்ற பதில் தயாராக இருக்கும். 2010-ல் திருத்தப்பட்ட சட்டப்படி அது உண்மைதான். 100 மீட்டருக்குள் யாரும் கட்டடம் கேட்கவில்லை. அதைத் தாண்டி, பஸ்ஸும் வேனும் நிற்கிற பக்கம் நாலு வேப்பமரம், நாலு புங்கமரம், அடியில் திண்ணை, குடிதண்ணீர்க் குழாய், கை கழுவ இடம், தினமும் கழுவி விடப்படும் கழிப்பறை, மூடி போட்ட குப்பைத் தொட்டி. பார்வையாளர் எண்ணிக்கைக்கு ஏற்ற அளவில் இவ்வளவும் இருந்தால் போதும். இதற்குப் பெரிய மாஸ்டர் பிளான் தேவையில்லை. டிக்கெட் வாங்குவது தொல்லியல் துறை, தெருவும் கடற்கரையும் உள்ளாட்சியின் பொறுப்பு. இரண்டு பேரும் ஒரு மேஜையில் உட்கார்ந்தால் அடுத்த காணும் பொங்கலுக்குள் முடிகிற வேலை.

அதுவரைக்கும் வேன் நிழலில் பொட்டலம் பிரிக்கிற குடும்பத்தைப் பார்த்து முகம் சுளிக்காமல் இருந்தாலே பெரிய உதவி. கேள்வி கேட்க வேண்டும் என்று தோன்றினால், டிக்கெட் கவுன்டர் பக்கம் திரும்பிக் கேளுங்கள்: இவங்க எல்லாம் எங்கே உட்கார்ந்து சாப்பிடணும்?