சைலன்சரைக் கழற்றினால் யாருக்கு லாபம்?

பெங்களூர்ச் சந்துகளில் இரவு பத்து மணிக்கு மேல் மோட்டார் சைக்கிள்கள் எழுப்பும் வெடியோசை புதிய செய்தி அல்ல. ஸ்ரீராமபுரத்திலும் அல்சூரிலும் நெருக்கமான குடித்தனங்களில் கைக்குழந்தைகள் திடுக்கிட்டு அழுகின்றன. பீனியாவில் இரவு ஷிப்டு முடித்துப் பகலில் கண்ணயரும் தொழிலாளிக்கும் நிம்மதி இல்லை. கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டு வேறு குழாய் மாட்டிக்கொள்ளும் மோகமே இதற்குக் காரணம்.

ஓசையாவது காதில் விழுகிறது; விழாத கேடு ஒன்றும் உண்டு. பல வண்டிகளில் பழைய குழாயோடு கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் என்ற சிறு பெட்டியும் போய்விடுகிறது. தேன்கூடு போன்ற அதன் உட்புறத்தில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற உலோகங்கள் பூசப்பட்டிருக்கும். இன்ஜின் கக்கும் கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோல் ஆவியையும் கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் மாற்றுவது அதன் வேலை. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். சிக்னலில் நிற்கும் போலீஸ்காரரும், நடைபாதையில் பூ விற்கும் பெண்ணும், பஸ்சுக்குக் காத்திருக்கும் குமாஸ்தாவும் அதைச் சுவாசிக்கிறார்கள்.

பெட்டியை எடுத்தால் மைலேஜ் கூடும், இழுவை பெருகும் என்று சில பட்டறைகளில் ஆசை காட்டப்படுகிறது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 விதிக்குட்பட்ட வண்டிகளில் பெட்ரோலை அளந்து விடுவது மின்னணுக் கருவி. புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார் சொல்வதை வைத்தே அது கணக்குப் போடுகிறது. குழாயை மாற்றினால் அந்தக் கணக்குப் பிசகக்கூடும். பெட்டி அடைத்துக்கொண்டது என்றால், பிஸ்டன் ரிங் தேய்ந்து ஆயில் எரிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். நோயை விட்டுவிட்டு மூக்கை அறுப்பது வைத்தியம் ஆகாது.

'உதவாது' என்று பட்டறையில் விட்டு வரும் அந்தப் பெட்டியில்தான் விலை உயர்ந்த உலோகம் இருக்கிறது. சிறிதளவே ஆனாலும் பழைய இரும்புச் சந்தையில் அதற்கு மதிப்பு உண்டு. தவணை கட்டி வண்டி வாங்கியவன் அதற்கும் சேர்த்துத்தான் விலை கொடுத்திருக்கிறான். இழப்பவன் அவனே, புதுக் குழாய்க்குப் பணம் கொடுப்பவனும் அவனே.

சட்டமும் சும்மா இல்லை. ஒலி, புகை விதிகளை மீறி ஓட்டினால் 3 மாதம் வரை சிறை, ரூ.10,000 வரை அபராதம், 3 மாதம் லைசென்ஸ் இழப்பு என்று 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் கூறுகிறது. அனுமதியின்றி வண்டியை மாற்றி அமைக்கும் உரிமையாளருக்குத் தனித் தண்டனையும் உண்டு. வண்டி ஓட்டிப் பிழைப்பவனுக்கு லைசென்ஸ் போவதென்றால் அடுப்பு அணைவது என்று பொருள். ஊருக்கு அனுப்ப வைத்திருந்த பணம் அபராதமாகப் போவது யாருக்குப் பெருமை?

லாரியும் பஸ்சும் கக்கும் புகைக்கு முன் இது எம்மாத்திரம் என்று கேட்பவர்கள் உண்டு. லாரியின் குற்றம் மோட்டார் சைக்கிளின் குற்றத்தைக் கழுவிவிடாது. மேலும், லாரி நுழைய முடியாத சந்திலும் மோட்டார் சைக்கிள் நுழைந்து வீட்டு வாசலிலேயே புகையை விடுகிறது.

அதே நேரத்தில், பழி முழுவதையும் இளைஞர்கள் தலையில் சுமத்துவது நியாயமல்ல. பறிமுதல் செய்த சைலன்சர்களை ரோடு ரோலர் ஏற்றி நசுக்கும் படங்கள் பத்திரிகைகளில் வருகின்றன. மறுநாள் அதே சரக்கு கடையில் தொங்குமானால் நசுக்கியதால் என்ன பயன்? சாலையில் ஓட்டுபவனை மடக்கும் அதிகாரிகள், விற்பவரையும் மாட்டுபவரையும் கடைக்கே சென்று கேட்க வேண்டும். புகைச் சோதனை மையங்களில் சான்றிதழ் கொடுக்குமுன் குழாயையும் குனிந்து பார்க்க வேண்டும்.

பிழைப்புத் தேடி வந்த இடத்தில் அண்டை வீட்டாரின் நல்லெண்ணமே பெரிய சொத்து. இரவெல்லாம் தெருவை எழுப்பி அதைத் தொலைப்பது அறிவுடைமை அல்ல. குழாயை மாற்றியவர்கள் பழையதைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொள்வதே நல்லது. மாற்ற நினைப்பவர்கள், அந்தப் பணத்தில் இன்ஜினை ஒருமுறை ஒழுங்காகப் பழுது பார்த்தால் வண்டியும் உழைக்கும், தெருவும் தூங்கும்.