பிள்ளை மாறிட்டான்னு தெரிஞ்சும் ஏன் ஒரு வருஷம் காத்திருக்கிறோம்?

1/
நண்பர்களே, கொஞ்சம் நீளமான இழை. உங்க வீட்டில் 15 முதல் 25 வயசுக்குள்ள பிள்ளைங்க இருந்தா, இல்லை அந்த வயசுப் பிள்ளைங்களுக்கு நீங்க பாடம் எடுக்கிறவரா, ஹாஸ்டல் வார்டனா இருந்தா, பொறுமையா கடைசி வரை படிங்க.

2/
காய்ச்சல் மூணு நாள் விடலைன்னா ரத்தப் பரிசோதனைக்கு ஓடுறோம். நெஞ்சு வலின்னா நடுராத்திரி ஆட்டோ பிடிக்கிறோம். ஆனா நல்லா படிச்சுட்டு, சிரிச்சுப் பேசிட்டு இருந்த 19 வயசுப் பையன் ரெண்டு மாசமா ரூமை விட்டு வெளிய வரலை, ராத்திரி முழுக்க முழிச்சிருக்கான், தனக்குத்தானே பேசுறான்னா என்ன சொல்றோம்? "வயசு அப்படி", "போன்தான் காரணம்", "யாரோ ஏதோ வச்சுட்டாங்க." இப்படியே ஆறு மாசம், ஒரு வருஷம் போயிடுது.

3/
இந்தக் காத்திருப்பு பத்திதான் இன்னைக்குப் பேசப் போறேன். தீவிர மனநோய்க்கு மருந்து இருக்கு, டாக்டர் இருக்கார், அரசு மருத்துவமனையில் இலவசமாவே கிடைக்குது. முதல் அறிகுறி தெரிஞ்ச நாளுக்கும் முதல் மாத்திரை போட்ட நாளுக்கும் நடுவுல தொலையுற மாசங்களைத்தான் நம்மால சுலபமா மீட்க முடியும். அதுக்குப் புது மருந்து எதுவும் வேண்டாம். விவரம் தெரிஞ்ச ஜனங்க வேணும்.

4/
முதல்ல நோய் என்னன்னு பார்த்துடலாம். சைக்கோசிஸ் என்பது நிஜம் எது, மனசு உண்டாக்குறது எதுன்னு மூளைக்குப் பிரிச்சுப் பார்க்க முடியாமப் போற நிலை. யாருமே பேசாதப்ப குரல் கேட்கும். யாரோ தன்னைக் கொல்லத் திட்டம் போடுறாங்கன்னு அசைக்க முடியாத நம்பிக்கை வரும். ஸ்கிசோஃப்ரினியா எனும் மனச்சிதைவு, பைபோலார் எனும் இருதுருவக் கோளாறு, போதைப் பழக்கம், கடுமையான மனச்சோர்வு, சில சமயம் மூளை அழற்சி, வலிப்பு, தைராய்டு கோளாறு, இதுல எது வேணும்னாலும் காரணமா இருக்கலாம். அதனாலதான் டாக்டர் ரத்தப் பரிசோதனையும் எழுதுவார். சினிமாவில் காட்டுற மாதிரி ஒரே உடம்புக்குள்ள ரெண்டு ஆள் இருக்குற சமாச்சாரம் இது இல்லை.

5/
அபூர்வமான நோயும் இல்லை. மனச்சிதைவு மட்டுமே ஏறக்குறைய நூறு பேரில் ஒருத்தருக்கு வாழ்நாளில் வருது. ஒரு பெரிய கல்லூரியை எடுத்துக்கிட்டா கணக்கு உங்களுக்கே புரியும். பெரும்பாலும் தொடங்குறது பதினாறு பதினேழிலிருந்து இருபதுகளின் கடைசிக்குள்ள. அந்த வயசில் மூளை இன்னும் முழுசா முதிரலை. வேண்டாத இணைப்புகளைக் கழிச்சுக்கட்டி, வேண்டியதைப் பலப்படுத்துற வேலை உள்ளே நடந்துட்டு இருக்கு. வெளியே ப்ளஸ் டூ, நீட், கல்லூரி, காதல், முதல் வேலைன்னு எல்லா அழுத்தமும் அதே வயசில்தான்.

6/
ஒரே நாளில் வர்றது இல்லைங்க. பல பேருக்கு மாசக்கணக்கில் மெதுவா வரும். கவனிக்க வேண்டியது இதெல்லாம்:

– நெருங்கின நண்பர்களைக் கூட விட்டு விலகுறது
– தூக்கம் தலைகீழாகுறது
– குளிக்க, உடை மாத்தக் கூட அக்கறை இல்லாமப் போறது
– நல்லா படிச்ச பிள்ளை திடீர்னு வரிசையா அரியர் வைக்கிறது
– "எல்லாரும் என்னையே பார்க்குறாங்க", "என் போனை ஹேக் பண்ணிட்டாங்க", "டிவியில் என்னைப் பத்திதான் பேசுறாங்க" என்பது
– சோத்துல ஏதோ கலந்திருக்குன்னு சாப்பிட மறுக்கிறது
– தனியா சிரிக்கிறது, பேசுறது, காதைப் பொத்திக்கிறது
– பேச்சு கோர்வையில்லாம எங்கெங்கோ தாவுறது

7/
"டாக்டர், இதுல பாதி என் பொண்ணுகிட்டயும் இருக்கே!" உடனே பதறாதீங்க. கதவைச் சாத்திக்கிறதும் எரிஞ்சு விழுறதும் அந்த வயசுல சகஜம்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளையோட ஒப்பிடாதீங்க. அதே பிள்ளை போன வருஷம் எப்படி இருந்துச்சு? அதுல இருந்து மாறி, அந்த மாற்றம் சில வாரமா நீடிச்சு, படிப்போ வேலையோ பழக்கவழக்கமோ சரிஞ்சுட்டே போனா டாக்டரைப் பாருங்க. குரல் கேட்குதுன்னு பிள்ளையே சொன்னா ஒரு வாரம் கூடத் தள்ளிப் போடாதீங்க.

8/
"கொஞ்சம் லேட்டா போனா என்ன ஆகிடும்?" இந்தக் கேள்விக்கு ஒரு ஊர் பதில் சொல்லியிருக்கு. நார்வே நாட்டில் ரோகாலாந்து மாவட்டம், ஸ்டாவாங்கர் நகரம். 1990களின் தொடக்கத்தில், பணக்கார நாடான அங்கேயே, சைக்கோசிஸ் வந்தவங்களில் பாதிப் பேர் சிகிச்சைக்கு வர 26 வாரத்துக்கு மேல் எடுத்துக்கிட்டாங்க.

9/
1997ல் அங்கே டிப்ஸ் என்ற திட்டத்தைத் தொடங்கினாங்க. பத்திரிகை விளம்பரம், ரேடியோ, துண்டுப் பிரசுரம் வழியா அறிகுறிகளை ஜனங்களுக்குச் சொன்னாங்க. பள்ளி ஆசிரியர்களுக்கும் குடும்ப டாக்டர்களுக்கும் பயிற்சி கொடுத்தாங்க. யார் வேணும்னாலும் போன் பண்ணலாம், சீட்டு எதுவும் தேவையில்லை, ஒரு குழு சீக்கிரமே வந்து பார்க்கும். அந்த 26 வாரம் சுமார் 5 வாரமா குறைஞ்சது. இதுக்காக எந்தப் புது மாத்திரையும் கண்டுபிடிக்கலை.

10/
பத்து வருஷம் கழிச்சு அவங்களைத் தேடிப் போய்ப் பார்த்தாங்க. சீக்கிரம் கண்டுபிடிக்கப்பட்ட பகுதியில் ஏறக்குறைய நூற்றுக்கு 31 பேர் முழுசா மீண்டிருந்தாங்க. அறிகுறி அடங்கினா மட்டும் மீண்டதா கணக்கில் எடுக்கலை. வேலை, சொந்த வாழ்க்கைன்னு இருக்கணும். விளம்பரம் இல்லாத மற்ற பகுதிகளில் அது நூற்றுக்கு 15. இரண்டு மடங்கு வித்தியாசம்.

11/
இன்னொரு விஷயம்தான் என்னை ரொம்ப யோசிக்க வச்சது. இடையில் அந்த விளம்பரங்களை நிறுத்தினாங்க. டாக்டர்கள் இருந்தாங்க, குழுவும் இருந்துச்சு. ஆனா தாமதம் மறுபடியும் சுமார் 15 வாரத்துக்கு ஏறிடுச்சு. ஜனங்களுக்குச் சொல்றதை நிறுத்தினா ஜனங்க வர்றதும் நின்னுடுது. அக்டோபர் 10 உலக மனநல நாள் அன்னைக்கு ஒரு பேனர், ஒரு ஊர்வலம், அதோட முடிச்சுக்கிற நாம இதை யோசிக்கணும்.

12/
நம்ம ஊர்ல நாள் எங்கே போகுதுன்னு பார்ப்போம். முதல்ல மந்திரிப்பு, தாயத்து, பரிகாரம். சாமி கும்பிடாதீங்கன்னு நான் சொல்லலை. கோயில், தர்கா, சர்ச் எங்க போனா உங்க மனசு ஆறுமோ போங்க. ஆனா அதே வாரத்தில் டாக்டரையும் பாருங்க. 2001 ஆகஸ்ட் 6ல் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகக் கொட்டகை தீப்பிடிச்சு 28 மனநோயாளிகள் கருகிச் செத்தாங்க. சங்கிலியில் கட்டியிருந்ததால ஓட முடியலை. அவங்களைக் கொண்டு வந்து விட்ட குடும்பங்கள் கொடுமைக்காரங்க இல்லை. வேற வழி தெரியாதவங்க. அதே ஏர்வாடியில் பிறகு 'தவா-துவா' என்ற பெயரில் மருந்தும் பிரார்த்தனையும் சேர்ந்தே போற மாதிரி ஏற்பாடு வந்தது. அப்ப ரெண்டும் சேர்ந்து நடக்கும்தானே?

13/
அடுத்தது, "ஒரு கால்கட்டு போட்டா சரியாயிடும்." ஆகாதுங்க. மறைச்சுக் கல்யாணம் பண்ணினா ரெண்டு குடும்பம் உடையும். சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984ல் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பு, மனச்சிதைவு வந்து கணவனால் கைவிடப்பட்ட பெண்களைப் பத்தி ஆய்வே செஞ்சிருக்கு. கல்யாணம் மருந்து இல்லை. மருந்து எடுத்து நல்லா ஆனபிறகு, உண்மையைச் சொல்லிப் பண்ணிக்கிற கல்யாணம் வேற விஷயம்.

14/
மூணாவது பயம்: "மனநல டாக்டர்கிட்ட போனா பைத்தியம்னு முத்திரை குத்திடுவாங்க. எல்லாம் தூக்க மாத்திரைதான், அடிமையாகிடுவான்." சைக்கோசிஸுக்கான மருந்து தூக்க மாத்திரை இல்லை, போதையும் தராது. பக்கவிளைவு உண்டு. எடை கூடலாம், சர்க்கரை ஏறலாம், கை நடுங்கலாம், தூக்கம் வரலாம். டாக்டர்கிட்ட சொன்னா அளவை மாத்துவார், இல்லை மருந்தையே மாத்துவார். நல்லாயிட்டான்னு நீங்களா நிறுத்தாதீங்க. நோய் திரும்ப வர்றதுக்கு முக்கியக் காரணமே அதுதான். முத்திரை விஷயத்துக்கு வர்றேன். ஒரு மாசத்தில் சிகிச்சை எடுத்தவன் அடுத்த செமஸ்டர் எழுதுறான். ஒரு வருஷம் பூட்டி வச்சவனுக்குத்தான் தெருவே பேர் வைக்குது.

15/
சரி, வராமலே தடுக்க முடியுமா? நேர்மையா சொல்றேன், முழுசா முடியாது. அம்மா அப்பா ஒருத்தருக்கு மனச்சிதைவு இருந்தா பிள்ளைக்கு வர வாய்ப்பு ஏறக்குறைய பத்தில் ஒண்ணு. அதாவது பத்தில் ஒன்பது பேருக்கு வராது. பரம்பரையை மாத்த முடியாது. ஆனா மாத்தக்கூடிய ஒண்ணு இருக்கு. கஞ்சா.

16/
ஸ்வீடனில் ராணுவத்துக்கு எடுத்த சுமார் 45,000 இளைஞர்களை 15 வருஷம் தொடர்ந்து பார்த்து 1987ல் வெளியிட்டாங்க. 18 வயசுக்குள்ள 50 தடவைக்கு மேல் கஞ்சா அடிச்சிருந்தவங்களுக்குப் பின்னாளில் மனச்சிதைவு வந்தது மத்தவங்களைவிட 6 மடங்கு. கஞ்சா அடிக்கிற எல்லாருக்கும் வரும்னு அர்த்தம் இல்லை. ஆனா குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் இருந்தா, உங்க பிள்ளைகிட்ட இதை வெளிப்படையா சொல்லிடுங்க. "இயற்கை மூலிகைதானே மச்சான்"னு நண்பன் சொல்றதுக்கு முன்னாடி நீங்க சொல்லணும்.

17/
நோய் முழுசா வர்றதுக்கு முன்னாடியே பிடிக்கவும் முயற்சி நடந்துச்சு. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் பேராசிரியர் பேட்ரிக் மெக்கோரி குழு 1994லேயே இதுக்குன்னு கிளினிக் தொடங்கினாங்க. அப்படிப்பட்ட இளைஞர்களைத் தொடர்ந்து கவனிச்சதில், மூணு வருஷத்துக்குள் சைக்கோசிஸ் வந்தது சுமார் நாலில் ஒருத்தருக்குத்தான். மீதிப் பேருக்கு அது வரலை. அதனால லேசா அறிகுறி தெரிஞ்ச எல்லாருக்கும் மாத்திரை கொடுக்கிறது தப்பு. தொடர்ந்து பார்க்கணும், தூக்கத்தைச் சரி பண்ணணும், பேச்சுவழிச் சிகிச்சை கொடுக்கணும். மீன் எண்ணெய் மாத்திரை தடுக்கும்னு 2010ல் ஒரு சின்ன ஆய்வு சொல்லுச்சு. பிறகு பல நாடுகளில் பெரிசா செஞ்சு பார்த்தப்ப அந்தப் பலன் தெரியலை. ஆகவே டானிக், ஆயில் எதுவும் வாங்கிக் காசைக் கரைக்காதீங்க.

18/
இப்ப வீட்டில் என்ன செய்யணும்?

– "அப்படி எல்லாம் எதுவும் இல்லை, உளறாத"ன்னு சண்டை போடாதீங்க. "ஆமா, நிஜம்தான்"னு ஒத்து ஊதவும் வேண்டாம். "எனக்கு அந்தக் குரல் கேட்கலைப்பா. ஆனா உனக்குக் கேட்குது, பயமா இருக்கும்னு புரியுது. வா, தூக்கம் வரலைன்னு டாக்டர்கிட்ட சொல்வோம்." இது போதும்.
– செத்துடலாம்னு தோணுதான்னு நேராவே கேளுங்க. கேட்கிறதால அந்த எண்ணம் வராது. ஆமான்னு சொன்னா தனியா விடாதீங்க. அன்னைக்கே ஆஸ்பத்திரி.
– சாப்பாடு தண்ணியை ஒதுக்குறான், தன்னையோ பிறரையோ காயப்படுத்தப் போறான்னாலும் அன்னைக்கே.

19/
எங்கே போறது? மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனை, அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவுக்குப் போங்க. சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் இருக்கு. எங்கே போகணும்னே தெரியலைன்னா 14416. மத்திய அரசு 2022 அக்டோபர் 10ல் தொடங்கிய டெலிமானஸ். இலவசம், 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். 2017ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியில் கட்டுவதைத் தடை பண்ணுது. மத்த நோய்களுக்குத் தர்ற மாதிரியே மனநோய்க்கும் காப்பீடு தரணும்னு அதே சட்டம் சொல்லுது. கேட்டு வாங்குங்க.

20/
கடைசியா, கல்லூரி முதல்வர்களுக்கும் வார்டன்களுக்கும் ஆசிரியர்களுக்கும். நார்வேயில் ஆசிரியருக்குச் சொல்லிக் கொடுத்தது சும்மா இல்லை. வீட்டைவிட அதிக நேரம் பிள்ளை இருக்கிறது உங்ககிட்ட. வருகைப்பதிவு குறையுது, ரூம்மேட் புகார் சொல்றான், விடைத்தாளில் சம்பந்தமில்லாம எழுதியிருக்கான்னு முதல்ல தெரியுறதும் உங்களுக்குத்தான். ஒழுங்கு நடவடிக்கை, டிசி எல்லாத்துக்கும் முன்னாடி ஒரு மனநல டாக்டர் பார்க்கட்டும். அனுப்பி விட்ட பிள்ளை வீட்டுக்குள்ள ஒரு வருஷம் அடைஞ்சு கிடந்தா, அந்த வருஷத்தில் நமக்கும் பங்கு இருக்கு.

21/
அரசுக்கு என் கோரிக்கை ஒண்ணுதான். டெங்குவுக்குப் பண்ற மாதிரி, போலியோவுக்குப் பண்ணின மாதிரி, இந்த அறிகுறிகளையும் வருஷம் முழுக்கச் சொல்லுங்க. பஸ் பின்னாடி எழுதுங்க, ரேஷன் கடையில் ஒட்டுங்க, பிஎட் பாடத்திலும் என்எஸ்எஸ் முகாமிலும் சேருங்க. நிறுத்தினா என்ன ஆகும்னு நார்வேயில் பார்த்தாச்சு.

22/
நீங்க செய்ய வேண்டியது ரெண்டு. 14416ஐ இப்பவே போனில் சேமிச்சுக்கங்க. இந்த இழையை உங்க பிள்ளை படிக்கிற பள்ளி, கல்லூரி வாட்ஸப் குழுவுக்கு அனுப்பி விடுங்க. கேள்வி இருந்தா கீழே கேளுங்க, நேரம் கிடைக்கும்போது பதில் சொல்றேன். பிள்ளையோட பெயர், ஊர், கல்லூரி எதையும் பொதுவில் எழுத வேண்டாம்.