ஓடாத டயருக்கும் வயதாகும்

படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ள மோட்டார் ஹோம் ஒன்றைப் பழையதாக வாங்குபவர் முதலில் என்ன செய்வார்? சாயம் பூசுவார், மெத்தையை மாற்றுவார். டயரைப் பார்த்து, “பள்ளம் ஆழமாகத்தானே இருக்கிறது, இன்னும் ஓடும்” என்பார். என்னைக் கேட்டால், முதலில் கவனிக்க வேண்டியதே அந்த டயரைத்தான்.

இத்தகைய வண்டி பெரும்பாலும் விடுமுறையில்தான் ஓடும். மற்ற நாள்களில் நின்றே கிடக்கும். அதனால் டயர் அதிகம் தேய்வதில்லை. ஆனால், மூப்படைகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் ரப்பரை மெல்ல மெல்ல இறுகச் செய்கிறது. ஓசோன் அதன் மூலக்கூற்றுச் சங்கிலிகளை அறுத்து விரிசலை உண்டாக்குகிறது. இதைத் தடுக்கவே ரப்பரில் மெழுகு சேர்க்கிறார்கள். டயர் உருண்டு நெளியும்போது அந்த மெழுகு மேற்பரப்புக்கு வரும். நின்றுகொண்டே இருக்கும் டயருக்கு இந்தப் பாதுகாப்பு குறைவு. அப்படி மூப்படைந்த டயர், முழுப் பாரத்துடன் நெடுஞ்சாலையில் சூடேறும்போது வெடித்துவிடலாம்.

டயரின் வயதை அறிவது எளிது. அதன் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி 4 இலக்கங்களைப் பாருங்கள். 2316 என்றால், 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. 10 ஆண்டுகளைக் கடந்த டயரை, தேயாமல் இருந்தாலும் மாற்றிவிடுங்கள் என்று தயாரிப்பாளர்கள் பலர் அறிவுறுத்துகிறார்கள். செலவுதான், ஆனால் மெத்தையை அடுத்த ஆண்டு மாற்றிக்கொள்ளலாம்.

மாணவர்களே, உங்கள் வீட்டுக் காரிலும் அந்த 4 இலக்கங்களைத் தேடிப் பாருங்கள். உதிரி டயரை மறந்துவிடாதீர்கள்.