கலைக்கு அங்கீகாரம், கலைஞர்களுக்கு?

பிரேசிலில் அடிமை முறை 1888 மே 13 அன்று ஒழிக்கப்பட்டது. விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்கு நிலமோ இழப்பீடோ வழங்கப்படவில்லை. இரண்டே ஆண்டுகளில் அவர்களுக்குக் கிடைத்தது புதிய தண்டனைச் சட்டம். தெருக்களிலும் சதுக்கங்களிலும் கபோயிரா ஆடுவோருக்கு இரண்டு முதல் ஆறு மாதம் வரை சிறை என்றது 1890ஆம் ஆண்டின் அச்சட்டம்.

சங்கிலியிட்டுக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களும் அவர்தம் வழித்தோன்றல்களும் உருவாக்கிய தற்காப்புக் கலை கபோயிரா. ஒற்றைத் தந்தி பூட்டிய வில்லான பெரிம்பாவ் தாளம் வகுக்கும்; வட்டமாய் நிற்போர் பாடுவர்; நடுவே இருவர் ஆடுவது நடனமா, சண்டையா எனப் பிரித்தறிவது கடினம். ஆளும் வர்க்கம் அஞ்சியது அந்த உதைக்கு மட்டுமன்று; கறுப்பின உழைப்பாளிகள் தெருவில் ஒன்றுகூடுவதற்கும்தான்.

மெஸ்ட்ரே பிம்பா 1932இல் சால்வடோர் நகரில் கபோயிராவுக்கெனப் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். 1937இல் அதற்கு அரசு அனுமதி கிடைத்தது. வெள்ளையின நடுத்தர வர்க்க மாணவர்களும் பயில வந்தனர். தேசிய அடையாளங்களைத் தேடிக்கொண்டிருந்த வர்காஸ் ஆட்சிக்கும் இக்கலை பயன்பட்டது. 1940ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தில் அக்குற்றம் இடம்பெறவில்லை. 2008இல் கபோயிரா பிரேசிலின் பண்பாட்டு மரபாயிற்று. 2014இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறியது.

ஆனால் அதை வளர்த்தவர்களின் நிலை என்ன? பிம்பா 1974இல் சொந்த மாநிலமான பாஹியாவைப் பிரிந்து, வறுமையில் இறந்தார். மரபுவழி அங்கோலா பாணியைக் காத்த மெஸ்ட்ரே பாஸ்டின்யா, சீரமைப்பின் பெயரால் தம் பள்ளிக் கட்டடத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். பார்வையிழந்து, வறியவராக 1981இல் மறைந்தார். 2018 அக்டோபரில், தொழிலாளர் கட்சிக்கு வாக்களித்ததாகச் சொன்ன மெஸ்ட்ரே மோவா தோ கட்டெண்டேயை, போல்சொனாரோ ஆதரவாளர் ஒருவர் சால்வடோரில் குத்திக் கொன்றார். யுனெஸ்கோ அங்கீகாரத்துக்கு அப்போது நான்கு வயது.

இந்த அங்கீகாரம் முழுவதும் ஆளுவோரின் ஏமாற்று என்று ஒதுக்குவது தவறு. சிறைக்கு அஞ்சாமல் ஆடியவர்களின் விடாப்பிடியின்றி இது கிட்டியிருக்காது. ஆப்பிரிக்க-பிரேசிலிய வரலாற்றைப் பள்ளிகளில் கட்டாயமாக்கிய 2003ஆம் ஆண்டுச் சட்டமும் கறுப்பின இயக்கத்தின் நெடிய போராட்டத்தின் விளைவே. வென்றதைக் காக்க வேண்டும். அதோடு நின்றுவிடக் கூடாது.

ஒடுக்கப்பட்டோரின் கலையை ஏற்பது ஆளும் வர்க்கத்துக்கு எளிது. அவர்களுக்கு நிலமும் கூலியும் ஓய்வூதியமும் தருவதே கடினம். ஒரு சமூகத்தின் மாற்றத்தை இந்தக் கடினமானதைக் கொண்டுதான் அளக்க வேண்டும்.