கேஸ் டிரபிளும் கேஐ-67ம்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலை காட்டலை. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு சொல்லித் தப்பிச்சிருக்கலாம். ஆனா இந்தத் தடவை நிஜக் காரணம் எங்கப்பாவோட வயிறு. கொஞ்சம் சீரியஸ் பதிவு மக்களே, மொக்கை எதிர்பார்த்து வந்தவங்க மன்னிக்கவும்.

ஊர் சேத்தியாத்தோப்பு. அப்பா கரும்பு போடுறவர். எங்க பக்கம் வயித்துக்கு ஒரே வியாதிதான், அதுக்குப் பேர் 'கேஸ்'. கரும்பு வெட்ட ஆள் கிடைக்கலைன்னாலும் கேஸ், மழையில வயல் முழுகினாலும் கேஸ். கிராஸ் ரோட்டுல இறங்கி மெடிக்கல்ல "தம்பி, கேஸ் மாத்திரை ஒரு அட்டை குடு"ன்னா கதை முடிஞ்சுது. அப்பா இப்படியே 15 வருஷம் ஓட்டினார். போன வருஷம் ஒரு நாள் மலம் தார் மாதிரி கறுப்பாப் போனதும்தான் அம்மா எனக்கு போன் பண்ணாங்க. உள்ள ரத்தம் கசிஞ்சா அப்படித்தான் போகுமாம். எனக்கு அன்னைக்குத்தான் தெரியும்.

எண்டாஸ்கோப்பி பண்ணி, வயித்துச் சுவர்ல இருந்து அரிசிக் குறுணை அளவுக்குச் சில துண்டுகளை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பினாங்க. வந்த ரிப்போர்ட்டில் மூணு விஷயம். ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி இருக்கு. நாள்பட்ட அழற்சி இருக்கு. மூணாவது, 'கேஐ-67' என்று ஒரு வரி.

அங்கதான் வீடு ஆடிப்போச்சு. எங்க சித்திக்கு மார்பகப் புற்றுநோய் வந்தப்போ அவங்க ரிப்போர்ட்லயும் இதே கேஐ-67 இருந்தது. "அப்போ உங்கப்பாவுக்கும் அதுதானாடா?"ன்னு அம்மா கேட்டாங்க. ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்தவங்க யாரும் இதை விளக்கலை. அடுத்த முறை டாக்டரைப் பார்க்க நாலு நாள் ஆச்சு. அந்த நாலு நாளும் அப்பா ஒழுங்கா சாப்பிடலை.

கேஐ-67 என்பது நோயின் பெயரே இல்லை. பிரிந்து பெருகத் தயாராகிற செல்லின் கருவுக்குள் இருக்கும் ஒரு புரதம். சும்மா இருக்கும் செல்லில் இது இருக்காது. அதனால சாயம் ஏத்திப் பார்த்தால் வேலையில் இருக்கும் செல்களின் கரு மட்டும் பழுப்பாகத் தெரியும். 1983-ல் ஜெர்மனியின் கீல் நகரத்தில் கண்டுபிடிச்சாங்க. ஊர்ப் பெயரின் முதல் ரெண்டு எழுத்து, சோதனைத் தட்டில் 67-ஆவது குழி, அதான் கேஐ-67. (நாங்க வேரியபிளுக்குப் பேர் வைக்கிற லட்சணம்தான் அங்கயும்.)

சரி, வயித்துல அதுக்கு என்ன வேலை? இந்தக் கிருமி யூரியாவை உடைச்சு அமோனியா உண்டாக்கி, அமிலத்துக்கு நடுவுலயே குடித்தனம் பண்ணுது. அதனால சுவரின் செல்கள் சேதமாகுது. செத்ததுக்குப் பதிலா புதுசு வேணும்னு கீழே உள்ள செல்கள் வேகமாகப் பிரியுது. கேஐ-67 எண்ணிக்கை ஏறுது. அதாவது பெரும்பாலும் இது ரிப்பேர் வேலை நடக்கிற சத்தம். ஆனா வருஷக்கணக்கில் ரிப்பேர் நடந்தால், ஒவ்வொரு முறை டிஎன்ஏ நகலெடுக்கும்போதும் பிழை புகுற வாய்ப்பு கூடிக்கிட்டே போகும்.

அப்பா விஷயத்தில் இந்தச் சாயத்தைப் போட்டதே, செல்கள் காட்டிய மாற்றம் ரிப்பேரா, புற்றுநோய்க்கு முந்தைய நிலையா என்ற சந்தேகத்தைத் தீர்க்கத்தான். எத்தனை செல் பழுப்பு என்பதோட, அது எந்த மட்டத்தில் இருக்கு என்பதும் முக்கியம். பழுப்பு சுரப்பியின் கழுத்துப் பகுதியோட நின்னா பெரும்பாலும் ரிப்பேர். மேல்பரப்பு வரைக்கும் ஏறியிருந்தா கவலைப்படணும். அப்பாவுக்குக் கழுத்தோட நின்னிருந்தது. இதைச் சொல்ல டாக்டருக்கு ரெண்டு நிமிஷம்தான் ஆச்சு. அந்த ரெண்டு நிமிஷம் நாலு நாள் முன்னாடியே கிடைச்சிருக்கலாம்.

இந்தக் கிருமியை 1982-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் வாரனும் மார்ஷலும் வளர்த்துக் காட்டினாங்க. யாரும் நம்பலைன்னு 1984-ல் மார்ஷல் அதைத் தானே குடிச்சு வயித்தைக் கெடுத்துக்கிட்டார். 2005-ல் ரெண்டு பேருக்கும் நோபல். நடுவில் 1994-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இதைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்துடுச்சு. நாம இன்னும் "காரம் சாப்பிடாதே, டென்ஷன் ஆகாதே"யிலேயே நிக்கிறோம்.

"இந்தியாவில் பாதிக்கு மேல இந்தக் கிருமியோடதான் இருக்காங்க, எல்லாருக்கும் கேன்சரா வருது?"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. வர்றதில்லை. கிருமி உள்ள நூறு பேரில் ஒண்ணு முதல் மூணு பேருக்கு வரலாம் என்பதுதான் பொதுவான கணக்கு. இந்தியாவில் கிருமி அதிகம், வயித்துப் புற்றுநோய் அந்த அளவுக்கு இல்லை என்பதே ஆராய்ச்சியாளர்களுக்கு ஒரு புதிர். ஆனா அந்த ஆறுதல் நாடு முழுக்கச் சமமா இல்லை. மிசோரமில் ரொம்ப அதிகம். சென்னை ஆண்களுக்கும் முன்வரிசைப் புற்றுநோய்களில் வயிறு ஒண்ணு. அதனால எல்லாரும் ஓடிப்போய் டெஸ்ட் எடுங்கன்னு நான் சொல்லலை. வருஷக்கணக்கா மாத்திரையில் ஓட்டுறவங்க, அல்சர் வந்தவங்க, வீட்டில் யாருக்காவது வயித்துப் புற்றுநோய் இருந்தவங்க டாக்டரைப் பார்த்துக் கேளுங்க. கறுப்பு மலம், காரணமில்லாம எடை குறையுறது, முழுங்கக் கஷ்டம், ரத்தசோகை - இதெல்லாம் இருந்தா ஒரு நாள்கூடத் தள்ளாதீங்க. அமிலத்தை அடக்குற மாத்திரை எரிச்சலை அடக்கும், கிருமியைத் துரத்தாது.

என்னோட முக்கியமான கோபம் இனிமேதான். அப்பாவுக்கு 14 நாள் ஆன்டிபயாடிக் கொடுத்து "முடிஞ்சுது, போயிட்டு வாங்க"ன்னுட்டாங்க. கிருமி போச்சான்னு பார்க்கவே இல்லை! எங்க வேலையில் பக்-ஐ சரி பண்ணிட்டேன்னு சொல்லிட்டு டெஸ்ட் பண்ணாம டிக்கெட்டை மூடினா லீட் கிழிச்சுத் தொங்கவிட்டுடுவார். நான் அடம்பிடிச்சேன். மருந்து முடிஞ்சு நாலு வாரத்துக்கு மேல விட்டு, அமில மாத்திரையை ரெண்டு வாரம் நிறுத்திட்டு, மூச்சு ஊதிப் பார்க்கிற டெஸ்ட் எடுத்தோம். கிருமி அப்படியே உக்காந்திருந்தது.

பேதின்னாலும் சளின்னாலும் கடையில் நாமளே ரெண்டு ரெண்டு ஆன்டிபயாடிக் வாங்கி முழுங்குறோம்ல, கிருமிகள் அதுக்கெல்லாம் பழகிப்போச்சு. இது நம்ம தப்பு. டாக்டர் தலையில் போட முடியாது. பிஸ்மத் சேர்த்து ரெண்டாவது கோர்ஸ் போட்ட பிறகுதான் கிருமி போச்சு. அன்னைக்கு அந்த டிக்கெட்டை மூடியிருந்தா, அப்பா மறுபடி மாத்திரை அட்டையோட 'கேஸ்'னு சொல்லிக்கிட்டு இருந்திருப்பார். உள்ளே ரிப்பேர் சத்தம் நிக்காமக் கேட்டுக்கிட்டே இருந்திருக்கும்.

கிருமி இருக்கான்னு பாருங்க. மருந்து முடிஞ்சதும் போச்சான்னு மறுபடி பாருங்க. ரிப்போர்ட்ல புரியாத வார்த்தை இருந்தா அங்கேயே நின்னு கேளுங்க. இவ்வளவுதான் நான் சொல்ல வந்தது.

அப்பா இப்போ நல்லா சாப்பிடுறார். வெட்டு ஆள் மட்டும் இன்னும் கிடைக்கலை. ஆனா "கேஸ்"னு சொல்றதில்லை, "கவலைடா"ங்கிறார்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டுறவன். தப்பு இருந்தா மருத்துவப் பதிவர்கள் பின்னூட்டத்தில் குட்டவும்.